கத்தி ஒன்றுதான் வழி என்று எழுதிய நண்பர்

1811 செப்டம்பர் 20. பிலடெல்பியாவிலிருந்து டாக்டர் பெஞ்சமின் ரஷ், பாஸ்டன் பக்கத்தில் குவின்சியில் இருக்கும் தன் நண்பர் ஜான் ஆடம்ஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ஆடம்ஸ் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியாக இருந்தவர். அப்போது வயது 75. பதவி போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது. கடிதத்தில் பேச்சு அரசியல் இல்லை, அவருடைய மகளைப் பற்றி.

மகள் பெயரும் அம்மாவின் பெயரைப் போல அபிகெய்ல்தான். வீட்டில் நேபி என்று கூப்பிடுவார்கள். வயது 46. மார்பில் கட்டி. நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில் புருஷன் வீட்டில் இருந்தவர், அந்தக் கோடையில் வைத்தியத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தார். பாஸ்டன் டாக்டர்கள் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி அப்படியே இருந்தது. அப்பாவின் நண்பர் பெரிய டாக்டர் ஆயிற்றே என்று, நேபி தானே உட்கார்ந்து ரஷ்ஷுக்கு எல்லாவற்றையும் விவரித்து எழுதினார்.

ரஷ்ஷின் பதிலில் சுற்றி வளைப்பு எதுவும் கிடையாது. இத்தனை வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், மேலே போடுகிற பூச்சுகளும் உள்ளுக்குக் கொடுக்கிற மருந்துகளும் வேண்டாம். இருபதில் பத்தொன்பது பேருக்கு அவை கெடுதல்தான் செய்கின்றன, இல்லாவிட்டால் நோயைக் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டு, வெட்டி எடுக்க வேண்டிய காலத்தைக் கடத்தி விடுகின்றன. வழி கத்தி ஒன்றுதான். கட்டி இன்னும் நகர்கிறது என்று அவர் எழுதியிருப்பதால் இப்போது செய்யலாம். அது பழுக்கும்வரை காத்திருந்தால் நேரம் தப்பிவிடும். சாரம் இவ்வளவுதான்.

மார்பகப் புற்றுநோய்க்கு அந்தக் காலத்தில் எப்படி ஆபரேஷன் செய்தார்கள் என்று தேடப் போய்த்தான் இந்தக் கடிதம் எனக்குக் கிடைத்தது. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் இந்தத் தலைவர்களின் கடிதங்களை எல்லாம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. நான் ரிட்டையரான ஸ்டாஃப் நர்ஸ். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் வீடு. வேலைக் காலத்தில் பெரும்பகுதி சர்ஜரி வார்டில்தான் கழிந்தது. மத்தியானம் சாப்பாடு முடிந்து, வீடு அடங்கின நேரத்தில் ஒன்று இரண்டாக இவற்றைப் படிக்கிறேன். பழைய இங்கிலீஷ், பைய பையத்தான் போகும். ஆனால் செப்டம்பர் 20 கடிதத்தைப் படிக்க எனக்குச் சிரமமே இருக்கவில்லை. அதில் இருப்பது எங்கள் வார்டில் தினமும் நடந்த பேச்சு.

'கட்டி நகருதா, ஒட்டியிருக்கா?' டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களிடம் சொல்லும் முதல் விஷயமே அதுதான். நகர்ந்தால் எங்கள் முகம் தெளியும். இருநூறு வருஷத்துக்கு முன்னால், ஸ்கேன் கிடையாது, பயாப்சி கிடையாது, நோயாளி முன்னூறு மைலுக்கு அந்தப் பக்கம்; கடிதத்தில் அவர் எழுதிய ஒரு விவரத்தை வைத்து ரஷ் அதே இடத்துக்கு வந்து நிற்கிறார். பூச்சைப் பற்றி அவர் சொன்னதும் அப்படித்தான். எங்கள் மாவட்டத்தில் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசான்மார் கைராசி பெரிய விஷயம். கை பிசகினால், மரத்திலிருந்து விழுந்தால் நானும் முதலில் ஆசானிடம்தான் போவேன். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மார்புக் கட்டிக்கு மருந்துப் பத்துப் போட்டு, ஒரு ஓணம் போய் அடுத்த ஓணம் வரும்வரை காத்திருந்து, கட்டி வெடித்துப் புண்ணான பிறகு சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்து நிற்கிற அக்காமார்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! அந்த வாடை அடித்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும், நேரம் தப்பிவிட்டது என்று. அப்புறம் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. கேன்சர் ஆஸ்பத்திரிக்குக் கடுதாசி எழுதிக் கொடுத்து அனுப்புவோம்.

கடிதத்தில் இன்னொரு வரி இருக்கிறது. அங்கேதான் எனக்கு ரஷ்ஷோடு சண்டை. நேபி தனக்கு எழுதிய கடிதத்துக்கு, பதிலை நேபிக்கு எழுதாமல் அப்பாவுக்கு எழுதியிருக்கிறார். நீங்களும் உங்கள் மனைவியும் அவரைக் கலங்க வைக்காத விதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொள்ளுங்கள் என்று ஏற்பாடு.

இதுவும் எங்கள் வார்டுதான். அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார்கள். வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டு. மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மைட்ட சொல்லாண்டாம் சிஸ்டர், கொழுப்புக் கட்டின்னு சொல்லியிருக்கோம்" என்றான். சரி என்றேன். ராத்திரி டிரெஸ்ஸிங் மாற்றும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்: "மக்ளே, எனக்கு இது என்னதுன்னு தெரியும். எங்க சித்திக்கும் இதுதான் வந்தது. பயலுக்குத் தெரியாண்டாம், அவன் பேடிச்சுப் போவான்." ஒரே கட்டிலின் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு, இரண்டு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒரே விஷயத்தை மறைக்கிறார்கள். பணம் எங்கே வைத்திருக்கிறது, மகளுக்கு என்ன கொடுக்கணும், இதெல்லாம் பேச வேண்டிய நாட்கள் அப்படியே போய்விட்டன.

அதனால் சொல்கிறேன்: நேபி கேட்டார், நேபிக்கே பதில் வந்திருக்க வேண்டும். தன் மார்பில் கை வைத்து, கட்டி நகர்கிறதா என்று பார்த்து எழுதத் தெரிந்த பெண்ணுக்குப் பதிலைத் தாங்கவும் தெரிந்திருக்கும். ரஷ் அன்பினால்தான் அப்படிச் செய்தார், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

கடிதம் எழுதிய 18-ஆம் நாள், அக்டோபர் 8 அன்று, குவின்சியில் அப்பா வீட்டிலேயே ஆபரேஷன் நடந்தது. பாஸ்டனின் டாக்டர் ஜான் வாரன் செய்தார். ஈதர் மயக்க மருந்தைப் பாஸ்டனில் எல்லோர் முன்னிலும் செய்து காட்டியது 1846-இல்தான். அதற்கு இன்னும் 35 வருஷம் இருக்கிறது. முழு நினைவோடு நேபி அதைத் தாங்கினார். ஆபரேஷன் தியேட்டரில் நின்ற எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை. கட்டி முழுவதும் போய்விட்டது என்றுதான் டாக்டர்கள் நம்பினார்கள்.

இப்படி ஒரு கடிதத்தை ஒருவர் எழுத, இன்னொருவர் அதை நம்பி மகளைக் கத்திக்குக் கொடுக்க வேண்டுமானால், அந்த இரண்டு பேருக்கும் நடுவே என்ன இருந்திருக்க வேண்டும்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் பின்னால் போய் மற்றக் கடிதங்களைப் படிக்க ஆரம்பித்தேன்.

இருவருக்கும் பழக்கம் 1774-இல் தொடங்கியது. 1776 சுதந்திரப் பிரகடனத்தில் இருவருமே கையெழுத்துப் போட்டவர்கள். ரஷ்ஷுக்கு அப்போது வயது 30. பல வருஷம் கழித்து அந்த நாளை ரஷ் ஆடம்ஸுக்கு நினைவுபடுத்துகிறார்: ஒவ்வொருவராக மேஜைக்குப் போய், நம்முடைய தூக்குத் தண்டனைக்கு நாமே கையெழுத்துப் போடுகிறோம் என்று நினைத்தபடி போட்டோமே, அப்போது சபையில் இருந்த அந்த மௌனம் ஞாபகம் இருக்கிறதா என்று. அந்த மௌனத்தைக் கலைத்தது ஹாரிசன் என்ற குண்டு மனிதர். ஒல்லியாக இருந்த ஜெரியைப் பார்த்து, "நம்மைத் தூக்கில் போடும்போது எனக்குத்தான் லாபம். என் கனத்துக்கு நான் உடனே செத்துப்போவேன். நீர் காற்றில் ஒன்றிரண்டு மணி நேரம் ஆடிக்கொண்டிருப்பீர்" என்றாராம். சிரிப்பு வந்து, உடனே அடங்கிவிட்டது என்று எழுதுகிறார் ரஷ். வரலாற்றுப் புத்தகம் இதையெல்லாம் சொல்லாது, சிநேகிதனுக்கு எழுதுகிற கடிதம்தான் சொல்லும்.

1800 தேர்தலில் ஆடம்ஸ் தன் பழைய நண்பர் தாமஸ் ஜெஃபர்சனிடம் தோற்றார். 1801 மார்ச் 4 அன்று, ஜெஃபர்சன் பதவியேற்பதைப் பார்க்க நிற்காமல், விடியும் முன்பே தலைநகரை விட்டுக் கிளம்பிவிட்டார். பிறகு குவின்சியில் பண்ணையும் புத்தகமுமாக, கோபத்தோடு இருந்தார். 1805 பிப்ரவரி 6-ஆம் தேதி அவரே ரஷ்ஷுக்கு எழுதினார்: நீங்களும் நானும் ஒருவருக்கொருவர் விடை சொல்லிக்கொள்ளாமல் சாகக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது, எப்படி இருக்கிறீர்கள்? அடுத்து வீட்டில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போகிறார். 19-ஆம் தேதியே ரஷ் பதில் எழுதிவிட்டார். அன்று தொடங்கி எட்டு வருஷம், ரஷ் சாகும்வரை நிற்கவே இல்லை.

அந்தக் கடிதங்களில் ஆடம்ஸ் பேசுகிற பேச்சு வேறெங்கும் பேச முடியாதது. வாஷிங்டன் பெரிய ஆளானதற்குப் பத்துக் காரணம் என்று ஒரு கடிதத்தில் பட்டியல் போடுகிறார். முதல் காரணம் அழகான முகம். அடுத்தது உயரம். வாய் திறக்காமல் இருக்கும் வரமும் பட்டியலில் உண்டு. பொறாமையா, ஆதங்கமா என்று பிரிக்க முடியவில்லை. இதைப் பேப்பரில் எழுதினால் ஊர் கல்லெறியும். ரஷ்ஷிடம் எழுதலாம். ஏனென்றால் ரஷ் டாக்டர். சீழ் வெளியே வரட்டும் என்று விடத் தெரிந்தவர்.

ரஷ்ஷைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். 1793-இல் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் வந்து ஏறக்குறைய 5,000 பேர் செத்தார்கள். முடிந்தவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். ரஷ் ஓடவில்லை. தன் சகோதரியைப் பறிகொடுத்தார், தனக்கே காய்ச்சல் வந்து எழுந்து, மறுபடியும் நோயாளிகளைப் பார்க்கப் போனார். ஆனால் அவர் செய்த வைத்தியம்? நரம்பைக் கீறி இரத்தம் இரத்தமாக வெளியேற்றினார். பாதரச மருந்து கொடுத்துப் பேதியாக்கினார். காய்ந்து கிடக்கும் நோயாளிக்கு டிரிப் ஏற்றிப் பழகிய எனக்கு அதைப் படிக்கும்போது வயிறு பிசைந்தது. நோய்க்குக் காரணம் துறைமுகத்தில் அழுகிக் கிடந்த காப்பிக்கொட்டை என்று நினைத்தார். கொசு என்று உறுதியானது 1900-இல்தான். அதே ஏடிஸ் கொசுதான் இங்கே நமக்கு டெங்கு கொண்டுவருகிறது. மழை பெய்து விட்டால் ரப்பர் தோட்டத்தில் பால் சிரட்டையில் எல்லாம் தண்ணீர் நிற்கும், சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து கவிழ்த்துப் போடச் சொல்வார்கள். குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இரத்தம் எடுக்கிற வைத்தியத்தால் பெயர் கெட்டு, ரஷ்ஷுக்கு நோயாளிகள் குறைந்தபோது, 1797-இல் ஜனாதிபதி ஆடம்ஸ்தான் அவரை அரசு நாணயச் சாலையின் பொருளாளராக நியமித்தார். ரஷ்ஷின் குடும்பம் நிமிர்ந்து நின்றது அந்தச் சம்பளத்தில். கடைசிவரை அந்தப் பதவியில் இருந்தார். ரஷ்ஷின் வீட்டிலும் துயரம் குறைவில்லை. கடற்படையில் இருந்த மூத்த மகன் ஜான், 1807-இல் துப்பாக்கிச் சண்டை ஒன்றில் தன் நண்பனையே சுட்டுக் கொன்று, பிறகு மனம் பேதலித்துப் போனார். அப்பா வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, அப்பா கவனித்த மனநோயாளிகள் நடுவே, மகனைச் சேர்க்க வேண்டி வந்தது. அமெரிக்க மனநல மருத்துவத்தின் முதல் பெரிய நூலை ரஷ் 1812-இல் வெளியிட்டார். அந்த மகன் ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் வெளிவந்த நூல் அது.

இனி, கத்தியைப் பற்றி எழுதிய அதே கை செய்த இன்னொரு காரியம். ஆடம்ஸையும் ஜெஃபர்சனையும் மறுபடி பேச வைக்க வேண்டும் என்று ரஷ்ஷுக்குப் பல வருஷமாகவே ஆசை. அவர் இரண்டு பேருக்கும் நண்பர். 1809 அக்டோபரில் ஆடம்ஸுக்கு ஒரு கனவை எழுதி அனுப்பினார். கனவில் தன் மகன் ரிச்சர்ட் ஒரு வரலாற்றுப் புத்தகம் வாசிக்கிறானாம். அதில், இந்த வருஷத்தின் அதிசயம் இரண்டு முன்னாள் ஜனாதிபதிகளும் மறுபடி நண்பர்களானது என்று போட்டிருக்கிறதாம். முதலில் ஆடம்ஸ் எழுதினாராம். இருவரும் நிறைவாழ்வு வாழ்ந்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் கல்லறைக்குப் போனார்கள் என்றும் அந்தப் பக்கத்தில் இருந்ததாம். ஆடம்ஸ் பதில் எழுதினார்: உங்கள் கனவு ஒன்று எனக்கு ஒரு மாதத்துக்கு உற்சாகம் தரும், இதில் ஒரே குறை, இது வரலாறு இல்லை, தீர்க்கதரிசனமாக இருக்கலாம். பதில் எழுதினாரே தவிர, ஜெஃபர்சனுக்கு எழுதவில்லை. ரஷ் விட்டுவிட்டார், அவசரப்படுத்தவில்லை.

1811 கோடையில் ஜெஃபர்சனின் ஊர்ப்பக்கத்து இளைஞர்கள் இரண்டு பேர் ஆடம்ஸைப் பார்க்கப் போனபோது, ஆடம்ஸ் பேச்சுவாக்கில், "நான் எப்போதும் ஜெஃபர்சனை நேசித்தவன், இப்போதும் நேசிக்கிறேன்" என்றார். அது ஜெஃபர்சன் காதுக்குப் போனது. எனக்கு இது போதும் என்று அவர் டிசம்பர் 5 அன்று ரஷ்ஷுக்கு எழுதினார். ரஷ் ஒரு நாளும் வீணாக்கவில்லை. டிசம்பர் 16-ஆம் தேதியே அதை ஆடம்ஸிடம் சேர்த்து, கட்டித் தழுவிக்கொள்ளுங்கள், கட்டித் தழுவிக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டார்.

தேதியைப் பாருங்கள். நேபிக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருக்கிறது. அந்த இலையுதிர் காலத்திலேயே ஆடம்ஸ் இருட்டில் வால்நட்சத்திரம் பார்க்கப் போய், தடுக்கி விழுந்து காலைக் கிழித்துக்கொண்டு படுத்துக் கிடந்தார். சாவு தன் வீட்டு வாசலுக்கு வந்து போனதை அவர் கண்ணால் பார்த்திருந்த நேரம். கட்டி நகரும்போதே வெட்ட வேண்டும் என்று செப்டம்பரில் எழுதிய டாக்டருக்கு, மனசு நகரும் நேரமும் தெரிந்திருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். 1809-இல் கனவு போதும் என்று நிறுத்திக்கொண்டவர், 1811 டிசம்பரில் நேராகவே சொன்னார்.

ஆடம்ஸ் கிறிஸ்துமஸ் அன்று பதில் எழுதினார். நீ அவரையும் தூண்டியிருக்கிறாய், என்னையும் தூண்டியிருக்கிறாய், எனக்குத் தெரியாதா என்று ரஷ்ஷைக் கண்டித்துவிட்டு, ஜெஃபர்சனோடு தனக்கு என்ன பெரிய சண்டை, அவருக்கு நேரான முடி பிடிக்கும், எனக்குச் சுருட்டை முடியும் குடியரசுக்கு ஏற்றதுதான் என்று தோன்றும், அவ்வளவுதானே என்கிறார். ஒரு வாரத்தில், 1812 ஜனவரி 1 அன்று, ஜெஃபர்சனுக்கு எழுதிவிட்டார். வீட்டில் நெய்த துணி இரண்டு அனுப்புகிறேன் என்று அதில் ஒரு வரி. உண்மையில் அவர் அனுப்பியது மகன் எழுதிய புத்தகம், இரண்டு பாகம். கடிதம் முன்னால் வந்து புத்தகம் பின்தங்கிவிட்டதால், ஜெஃபர்சன் துணி என்றே நம்பி, வர்ஜீனியாவில் வீட்டுக்கு வீடு நெசவு எப்படி நடக்கிறது என்று பொறுப்பாகப் பதில் எழுதினார். அந்தப் பதிலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பதினொரு வருஷம் பேசாமல் இருந்த மனிதருக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்ட சந்தோஷம் அதில் தெரிகிறது.

ரஷ் இதைப் பார்த்துச் சந்தோஷப்பட அவருக்கு ஒரு வருஷத்துக்குச் சற்று அதிகம்தான் கிடைத்தது. 1813 ஏப்ரல் 19 அன்று காய்ச்சலில் செத்தார். வயது 67. தனக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். தான் நம்பியதைத் தன் உடம்பிலும் செய்துகொண்டார். ஜெஃபர்சன் ஆடம்ஸுக்கு எழுதினார், ரஷ்ஷைவிட நல்ல மனிதர் நம்மை விட்டுப் போயிருக்க முடியாது என்று. அமெரிக்காவுக்கு இவரைவிட உண்மையான நன்மை செய்தவர் யாரையும் எனக்குத் தெரியாது என்று ஆடம்ஸ் பதில் எழுதினார்.

அந்தக் கோடைக்குள் நேபிக்கு நோய் திரும்பி வந்துவிட்டது. முன்னூறு மைல் வண்டியில் வலியோடு பயணம் செய்து, சாவதற்காக அப்பா வீட்டுக்கு வந்தார். ஆகஸ்ட் மத்தியில் இறந்தார். ஆபரேஷனுக்குப் பின் அவருக்குக் கிடைத்தது இரண்டு வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. அதைக் கத்தியின் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் காலத்தில் அதைவிட நல்ல வழி யாரிடமும் இல்லை.

மகள் செத்ததை எழுத ஆடம்ஸுக்கு இப்போது ரஷ் இல்லை. ஜெஃபர்சனுக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதத்தின் அடியில் பின்குறிப்பாகச் சேர்த்தார்: உங்கள் தோழி, என் ஒரே மகள், நேற்றுக் காலை புருஷன், மகன், மகள், அப்பா, அம்மா எல்லோருடைய கைகளிலும் இறந்தாள். 46 வயதுவரை எங்கள் எல்லோரிலும் ஆரோக்கியமானவள் அவள்தான். அதற்குப் பிறகு அவள் பட்ட பாடும் அவள் பொறுமையும் சொல்லி முடியாது.

ஜெஃபர்சனும் வளர்ந்த மகள் ஒருத்தியை 1804-இல் பறிகொடுத்தவர். அக்டோபரில்தான் அவரால் இதைப் பற்றி எழுத முடிந்தது. எனக்குத் தெரிந்த மருந்து காலமும் மௌனமும்தான், அவையும் வலியைத் தணிக்குமே தவிர அடக்காது என்று எழுதினார். மௌனத்தைப் பற்றி அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆடம்ஸும் ஏற்றதாகத் தெரியவில்லை. 1812 முதல் 1826 ஜூலை 4-ஆம் தேதி இருவரும் ஒரே நாளில் இறக்கும்வரை அவர்களுக்குள் போய்வந்த கடிதங்கள் 158. அதில் 109 ஆடம்ஸ் எழுதியவை.